வேர்க்காத மணி

ரொம்பக் காலத்துக்கு முந்தி ஏழுமடை நாட்டைக் கோமேதகராசன் என்று ஒரு ராசா ஆண்டார். நல்ல மனுசர்தான். ஆனால் காலையில் ஒரு எண்ணம் தலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அது நாட்டுச் சட்டமாகிவிடும். அப்படி ஒரு நாள் ஏறியது மணியைப் பற்றிய எண்ணம். வார்ப்பவன் உடம்பில் எவ்வளவு வேர்வையோ, மணியில் அவ்வளவு நாதம். அன்று முதல் புது மணி வந்தால், தட்டிப் பார்க்குமுன் வார்த்தவன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார்.

அரண்மனைக்கு மணி வார்த்தவன் ஆவுடையான். வீட்டுக் கொல்லையிலேயே உலை. மரச்சட்டத்துக்குள் மணியின் அச்சை வைத்து, ஈரப்பதமான மணலைக் கொட்டி, இடிகட்டையால் இடித்து இறுக்குவான். அச்சை எடுத்துவிட்டு அந்தக் குழியில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றினால் மணி. ஒரு சட்டத்துக்கு முந்நூறு இடி, முட்டி போட்டுக் குனிந்தபடி. இருபது வருசம் இடித்ததில் வலது தோள் போய்விட்டது. கை தலைக்கு மேல் எழும்பாது. காலையில் அவன் குடுமியைப் பெண்டாட்டி உலகம்மைதான் முடிந்துவிடுவாள்.

தேர்த் திருவிழாவுக்கு ஐம்பது மணி வேண்டும் என்று அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. பத்தாவது சட்டத்தில் ஆவுடையானுக்குக் கை மரத்துப்போனது. உலகம்மை துவைத்த சேலையைக் கொல்லை மூங்கிலில் போட்டாள். மூங்கில் வளைந்தது. காய்ந்ததும் எடுத்தாள், விர்ரென்று நிமிர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, இடிக்கிறது கட்டையோட கனம். அதைத் தூக்குறதுதானே உங்க தோளு? தூக்குற வேலைய மூங்கிலுக்குக் குடுங்க."

ஒரு மூங்கிலை உத்தரத்தில் கட்டி, நுனியில் கயிறு போட்டு இடிகட்டையைத் தொங்கவிட்டார்கள். சட்டத்தை இடுப்பு உயரப் பலகையில் ஏற்றினார்கள். லேசாகக் கீழே இழுத்தால் கட்டை இடிக்கும். விட்டால் தானாக மேலே போகும். நின்றபடி, வெற்றிலை மென்றபடி வேலை நடந்தது.

இது அரண்மனைக் காரியக்காரர் பவளநாதர் கண்ணில் பட்டது. அரண்மனை மணி வேலை தன் மச்சானுக்குக் கிடைக்கவேண்டும் என்று வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த ஆள். நேரே ராசாவிடம் போய், ஆவுடையான் முதுகில் ஒரு பொட்டு வேர்வை இல்லை, சாமி மணியைச் சோம்பேறித்தனத்தில் வார்க்கிறான் என்று பற்றவைத்தார்.

ராசா பவளநாதரையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். ஆவுடையான் முதுகைத் தொட்டார். காய்ந்து கிடந்தது.

"மூங்கிலைப் பிடுங்கி எறி. முட்டி போட்டு இடி. முடியாதென்றால் உலையை அவித்துவிட்டு நாட்டை விட்டுப் போ" என்றார்.

ஆவுடையான் மனசுக்குள் கணக்குப் போட்டான். முட்டி போட்டால் மிச்சத் தோளும் போகும். போடாவிட்டால் பிழைப்பு போகும். உலகம்மையைப் பார்த்தான். அவள் மூங்கிலைப் பார்த்துவிட்டு ராசாவைப் பார்த்தாள். அவனுக்குச் சட்டென்று புரிந்தது.

"அப்படியே ஆகட்டும் மகாராசா. ஒரே ஒரு கேள்வி. சிம்மாசனத்தை ஏன் மேடையில போட்டிருக்கு? தரையில போட்டா கஷ்டத்தோட நீதியும் கூடுமே."

"அண்ணாந்து அண்ணாந்து வழக்குக் கேட்டால் கழுத்து வலிக்காதா?"

"அதே வலிதான் சாமி இங்கேயும். வேர்வைதான் நாதமான்னு தெரிஞ்சுக்க ரெண்டு மணி வார்த்துப் பாத்திருவோம். காரியக்காரர் முட்டி போட்டு, வேர்க்க வேர்க்க ஒரு சட்டம் இடிக்கட்டும். மூங்கில்ல ஒரு சட்டத்த மகாராசாவே இடிங்க."

ராசாவுக்குக் குசி பிறந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தார். கட்டை இடித்துவிட்டு எழுந்தது. இன்னும் இழுத்தார். போதும் என்று ஆவுடையான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்; முதுகில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆவுடையான் மெல்லிய கம்பியால் மணலில் அங்கங்கே குத்தினான். சூடு பட்டால் மணலுக்கும் மூச்சு விட வழி வேண்டுமாம்.

பவளநாதர் பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றாமலே முட்டி போட்டார். வஞ்சம் தீர இடித்தார். மணல் கல்லாகிவிட்டது. வேர்வை போதாதோ என்று சந்தேகம் வந்து, ராசா திரும்பி நின்ற நேரம் பார்த்து ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பாதித் தண்ணீர் சட்டத்துக்குள் போனது.

"சாமி, மணல் நனைஞ்சுபோச்சு. வேற சட்டம் போட்டுக்கலாம்" என்றான் ஆவுடையான்.

"அது என் வேர்வையடா. ஊற்று."

கம்பி குத்தவும் அவர் விடவில்லை. ஆவுடையான் எல்லாரையும் இருபது அடி தள்ளி நிற்கச் சொன்னான். முதலில் ராசாவின் சட்டத்தில் ஊற்றினான்; வெண்கலம் பால் போல இறங்கியது. அடுத்ததில் நீளக் காம்புக் கரண்டியை நீட்டி நூல்போல விட்டான். மணல் பாம்பாகச் சீறியது. பொறி பறந்து, தள்ளி நிற்காத பவளநாதர் அங்கவஸ்திரத்தில் ஏழெட்டு ஓட்டை போட்டது.

ஆறியதும் உடைத்து எடுத்தார்கள். ராசாவின் மணியை உலகம்மை தட்டினாள். நாதம் தெருக்கோடி வரை போய் நின்று நிதானமாகத் திரும்பி வந்தது. மற்றது அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. தட்டினால் 'டொக்'.

"காரியக்காரரே, வேர்க்காத மணிக்கு நாதம் உண்டா இல்லையா?" என்றார் ராசா.

உண்டு என்றால் தான் சொன்னது பொய். இல்லை என்றால் ராசா வார்த்த மணிக்குக் குற்றம். பவளநாதர் ஓட்டை அங்கவஸ்திரத்தை மடித்து மடித்துப் பார்த்தார்.

"அந்த டொக்கு மணியை இவர் வீட்டு வாசலில் கட்டுங்கள். யார் வந்தாலும் தட்டிவிட்டு உள்ளே போகட்டும்" என்றார் ராசா. மூங்கில் யோசனை யாருடையது என்று ஆவுடையான் சொன்னதும் உலகம்மைக்குப் பட்டும் பொன்னும் வந்தது. பொழுது சாய்வதற்குள் புதுச் சட்டமும் வந்தது: வார்ப்புக்காரர் யாரும் இனி முட்டி போடக் கூடாது, வீட்டுக்கு ஒரு மூங்கில் அரண்மனைத் தோப்பிலிருந்து.

ஐம்பது மணியும் தேரில் ஏறின. திருவிழா முடிந்து இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில், உலகம்மை சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆவுடையான் ஏற்கெனவே குடுமி முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கோணல்தான். அவள் அதைத் திருத்தவில்லை.