பெருச்சாளி தானம் கொடுத்த வளை

குளத்தங்கரையில் சின்னாத்தா என்றொரு பெருச்சாளி இருந்தாள். அந்தக் காட்டிலேயே பெரிய வளை அவளுடையதுதான். நெல், கேழ்வரகு, கடலை என்று அறை அறையாகச் சேர்த்து வைத்திருந்தாள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் வாசலை விட்டு நகரவே மாட்டாள். காக்கை தண்டோரா போட வந்தால்கூட, "அவன் கத்தட்டும், எனக்கென்ன?" என்று உள்ளேயே இருந்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலை. வளைக்காரர் செத்தால் தானியத்தில் பாதி அரண்மனைக்குப் போய்விடும் என்று சிங்கராஜா சட்டம் போட்டிருந்தார்.

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தது! என் மகனுக்கு இல்லாம அந்தச் சிங்கத்துக்கா?" என்று புலம்பித் தீர்த்தாள்.

அந்தப் பக்கமாக வந்த நரி சிரித்தான்.

"அக்கா, செத்தாத்தானே வரி! உசுரோட இருக்கும்போதே வளையை மகனுக்குக் கொடுத்துடுங்க. அப்புறம் உங்ககிட்ட எடுக்க என்ன இருக்கு?"

"நெசமாவா நரித்தம்பி?"

"நான் பார்க்காத சட்டமா!"

யோசனை சொன்ன கூலிக்கு ஒரு மூட்டைக் கடலையை வாங்கிக்கொண்டு நரி நடையைக் கட்டினான்.

மகன் காடையனுக்கு மேட்டுப்பக்கம் தனி வளை இருந்தது. "எனக்கு எதுக்கும்மா இன்னொண்ணு? உன் பேர்லயே இருக்கட்டுமே!" என்றான்.

"வாயை மூடுடா, பிழைக்கத் தெரியாதவனே!" என்று அதட்டிவிட்டு, பக்கத்து ஆமையைச் சாட்சி வைத்து, அரண்மனைக் கணக்கெழுதும் ஆந்தையின் முன்னால் வளையை அவனுக்குத் தானம் கொடுத்தாள் சின்னாத்தா.

"கொடுத்தா திரும்பக் கேட்க முடியாது, தெரியுமில்ல?" என்றது ஆமை.

"என் மகன்கிட்ட நான் எதுக்குக் கேட்கப் போறேன்?"

அன்று நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

மறுநாள் அரண்மனைக் காட்டுப்பன்றிகள் வந்து மண்ணைக் கிளறின. மூட்டை மூட்டையாகத் தானியத்தை வெளியே இழுத்துப் போட்டன. சின்னாத்தா அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"அடப்பாவிகளா! நான் இன்னும் சாகலையே!"

"சாவு வரியா? அதைத்தான் போன மழைக்காலமே ராஜா எடுத்துட்டாரே!" என்றது ஒரு பன்றி.

"எடுத்துட்டாரா?" அவள் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப இது என்னடா அநியாயம்?"

"இப்ப ஒருத்தருக்கு ஒரு வளைதான். ரெண்டாவது இருந்தா, உள்ளே இருக்கிற தானியத்தோட அது அரண்மனைக்கு. நேத்திலிருந்து உன் மகனுக்கு ரெண்டு வளை. காக்கை தொண்டை கிழியக் கத்திச்சே, கேட்கலையா?"

"ஐயோ! அப்படின்னா வளை என்னுதுதான்! திரும்ப எடுத்துக்கறேன்!"

"கொடுத்தது கொடுத்ததுதான், சின்னாத்தா," என்றது ஆமை.

நரியைத் தேடி மூச்சிரைக்க ஓடினாள். அவன் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் வாயிலிருந்த கடலை பொலபொலவென்று கீழே கொட்டியது.

"என்னது! சட்டம் மாறிடுச்சா? எப்போ?"

சின்னாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தாள். வளையின் வாசலைப் பெரிய கல்லால் அடைத்துவிட்டுப் பன்றிகள் போயிருந்தன. காடையன் மட்டும் நின்றிருந்தான்.

"வாம்மா, என் வளைக்குப் போகலாம்."

"நான் சும்மா இருந்திருந்தா ஒரு நெல்லுகூடப் போயிருக்காதேடா!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள் அவள்.

இன்றைய சட்டம் என்னவென்று விசாரிக்காமல் வரிக்குப் பயந்து சொத்தைக் கை மாற்றுகிறவர், எந்த வரியும் தொடாததைத் தாமே இழப்பார்.