அறுந்த பானெட் வயர்

பொள்ளாச்சி மில் முதலாளி தண்டபாணியிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. "உள்ளே என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை" என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டே பானெட் திறக்கும் பிடியை இழுத்தார். வயர் அறுந்து பிடி கையோடு வந்தது.

வெளியே கார் துடைக்கும் பொன்னாத்தாவைப் பார்த்தார். "இவதான் இழுத்து அறுத்திருக்கா" என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "பொழுது சாயறதுக்குள்ள புது வயர் மாட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பொன்னாத்தா துணியைப் பிழிந்தாள்.

"நானே அறுத்தேன்னு ஒத்துக்கறனுங்க. ஆனா என்ற கை உள்ள பட்டுச்சுன்னா, நீங்க இப்பச் சொன்னது பொய்யாயிருமுங்களே. எதை வெச்சுக்கறதுங்க?"

விருந்தாளிகள் காப்பி டம்ளருக்குள் பார்த்தார்கள். முதலாளி இருமினார்.

"பழைய வயரு. தானா இத்துப்போயிருக்கும்."

"அப்படித்தானுங்க இருக்கும். புதுசை மாட்டவும் வேற கை படக்கூடாதுங்களே."

சாயங்காலம் முதலாளி வெள்ளை வேட்டியோடு, தலையைக் காருக்குள் விட்டு வயர் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே நீட்டியிருந்த காலுக்கு வெயில் படாமல் பொன்னாத்தா குடை பிடித்தாள். கையை மட்டும் உள்ளே நீட்டவில்லை.