வங்கி மரத்தில் கச்சேரி

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய மேட்டில், பொந்து விழுந்த பெரிய மரம் ஒன்று நின்றது. பெருச்சாளியார் அதில் வங்கி நடத்தினார். கோடையில் இரண்டு கொட்டை போட்டால் மழைக்காலத்தில் மூன்றாகத் தருவாராம். யார்தான் விடுவார்கள்? அணில், குரங்கு, கிளி எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

கொண்டையன் என்ற மரங்கொத்தியும் போட்டான். சும்மா சொல்லக் கூடாது, அவன் பெரிய தாள வித்துவான். அலகால் மரத்தைத் தட்டினால் மயில் தானாக ஆடும். கச்சேரிக்குக் கிடைத்த கொட்டை அத்தனையும் அந்தப் பொந்துக்குள்தான் இருந்தது. மழைக்காலம் முழுவதும் அவனுடைய மூன்று குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு.

தினமும் காலையில் அந்த மரத்தில்தான் சாதகம் செய்வான். முதலில் மரம் 'தொப் தொப்' என்று அமுங்கிக் கிடந்தது. போகப் போக 'டொம் டொம்' என்று கணீரென ஒலித்தது.

"நம் அலகுக்கு இப்போதுதான் பதம் வந்திருக்கிறது" என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

மழை தொடங்கியது. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது. பெருச்சாளியார் கொட்டையையெல்லாம் அக்கரைப் பன்றிகளுக்குக் கடன் கொடுத்துவிட்டாராம். பன்றிகள் தின்று தீர்த்துவிட்டு ஓடிவிட்டனவாம்.

மரத்தடியில் தள்ளுமுள்ளு. கொண்டையனும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பேச்சு மெய் என்றது குரங்கு. சுத்தப் பொய் என்றது கிளி. யாரை நம்புவதென்று தெரியாமல் அவனுக்குத் தலை சுற்றியது.

பெருச்சாளியார் அவனைத் தனியே அழைத்தார். "வித்துவானே, நல்ல நேரத்தில் வந்தீர். எல்லாரும் மிரண்டு போயிருக்கிறார்கள். கொஞ்சம் வாசியும், அடங்கிவிடுவார்கள்."

"என் கொட்டையை எடுத்துப்போகலாம் என்று வந்தேன் ஐயா."

"அதற்கென்ன, கச்சேரி முடிந்ததும் முதலில் உமக்குத்தான்."

கேட்பதா, வாசிப்பதா? அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. கூட்டம் வேறு அவனையே பார்த்தது. கூட்டத்தைக் கண்டுவிட்டால் வித்துவானுக்கு அலகு சும்மா இருக்குமா? வாசித்தான். அப்பப்பா, என்ன நாதம்! சண்டைக்கு வந்த குரங்கு தொடையைத் தட்டித் தாளம் போட்டது. அணில் கண்ணை மூடித் தலையாட்டியது.

முடிந்ததும் அணில் கேட்டது: "அண்ணே, இந்த மரத்துக்கு எங்கிருந்து வந்தது இப்படி ஒரு நாதம்?"

"எல்லாம் சாதகம்தான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். நாதம் வேண்டுமென்றால் எந்த மரங்கொத்தியும் உள்ளே ஒன்றுமில்லாத மரத்தைத்தானே தேடிப் போகும்? பாவம், அந்த வித்தையிலேயே ஊறியவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

பறந்துபோய்ப் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஒரு கொட்டைகூட இல்லை. கச்சேரி நடக்கும்போதே பெருச்சாளியார் பின்பக்க வளை வழியாக நழுவியிருந்தார்.

"தினமும் தட்டினாயே, உனக்கா தெரியவில்லை?" என்றது குரங்கு.

"கேட்க நன்றாக இருந்தது" என்றான் கொண்டையன். "அதனால் ஏன் என்று யோசிக்கவே இல்லை."

யாரும் அவனைத் திட்டவில்லை. நனைந்துகொண்டே கலைந்து போனார்கள். வெறும் அலகோடு கூட்டுக்குத் திரும்பியவனிடம் குஞ்சுகள், "அப்பா, இன்றைக்கு எல்லாரும் ரசித்தார்களா?" என்று கேட்டன. ஆமாம் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நீதி: தன் வித்தை தனக்குச் சொல்லும் உண்மையைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்பவன், தானும் ஏமாந்து பிறரையும் ஏமாற்றுவான்.