தெருவைப் பார்த்து ஒரு குரல்

"எம் மககிட்ட நேராக் கேட்டுறட்டுமாம்மா?"

குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு வந்த கையோடு வைரவன் கேட்டார். பதினெட்டு வருஷமாக மடத்துச் சமையல் அவருடையது. மடத்தின் ஒரே சீடரும் அவர்தான். குருவான மங்கையம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

"எதைண்ணே?" என்றார் குரு.

வைரவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் உமையாளுக்குப் பதினேழு வயது. கூடப் படிக்கும் தேன்மொழியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் முகமே மாறிவிடுகிறது. தேன்மொழி காய்ச்சலில் கிடந்த வாரம் இவளுக்கும் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் தட்டோடு எழுந்து போய்விடுகிறாள். பெற்றவனுக்குக் கண் இல்லையா என்ன? மகளின் மனசு பையன்கள் பக்கம் போகவில்லை, அந்தப் பெண்ணிடம்தான் போயிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. அவ எம் மக. ஆனா இப்பல்லாம் எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறா. அப்பன் வெறுத்துருவான்னு பயந்து எங்கயாச்சும் போயிட்டாள்னா?"

குரு சோற்றுப் பானையை எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு வாசல்ல நீங்க போய்க் கூப்பிடுங்கண்ணே."

அது அந்த மடத்து வழக்கம். மதியச் சோறு தயாரானதும் ஒருவர் வாசலுக்குப் போய், "பசிச்சவங்க இருந்தா வாங்க" என்று தெருவைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தி. தினமும் அதைச் செய்வது குருதான். அடுப்பை விட்டு நகர வைரவனுக்கு நேரம் ஏது?

வைரவன் வாசலுக்குப் போனார்.

எதிரே பாலத்துக் கட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, ஒட்டிய வயிறு. பசி என்று பார்த்ததுமே தெரிந்தது. வைரவனுக்கு மனசு கேட்கவில்லை. குரல் கொடுப்பதை மறந்து நேரே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பசியா இருக்கீங்களா?"

"நான் பஸ்ஸுக்கு நிக்கிறேங்க" என்று கையை விடுவித்துக்கொண்டு அந்த மனிதர் எழுந்து நடந்தார்.

குரு வாசலுக்கு வந்தார். நடந்து போகும் அந்த மனிதரை அவர் பார்க்கவே இல்லை. காலித் தெருவைப் பார்த்து, நிதானமாக, மூன்று முறை கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றார். சோறு ஆறுகிறதே என்று வைரவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார்.

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்."

"வாங்க" என்றார் குரு. தண்ணீர் வைத்த இடத்தில் இலையும் போட்டார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார் அவர்.

அவர் போனபின் வைரவன் மெல்லக் கேட்டார்.

"நான் கேட்டப்ப ஏம்மா இல்லைன்னாரு?"

"நீங்க அவரைக் கேட்டீங்க. நான் தெருவைக் கேட்டேன்."

இப்படியும் ஒரு மனுஷி இருக்கிறாரே என்று வைரவன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வைரவன் வீட்டுக்கு அவருடைய அக்கா வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், உமையாளுக்குப் படிப்பு முடியட்டும், தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். உமையாளின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

வைரவன் மகளைப் பார்க்கவில்லை. மோர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வீட்டுக்கு எம் மக யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சரிக்கா. பையனா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தாலும் சரி. எனக்கு அவ சிரிச்சாப் போதும்."

அக்காவுக்குச் சோறு விக்கியது. உமையாள் தலை நிமிரவில்லை. இலையில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஓடிப்போய்க் கேட்டுவிடலாமா என்று வைரவனுக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக மடத்துச் சாம்பாரில் உப்புப் போட மறந்தார்.

நான்காம் நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் பக்கத்தில் உமையாள் வந்து உட்கார்ந்தாள். அவளும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, எனக்குத் தேன்மொழிய ரொம்பப் புடிக்கும். நீங்க நெனக்கிற மாதிரிதான்."

வைரவன் கையிலிருந்த கீரையைப் போட்டுவிட்டார். மகளின் தலையில் கை வைத்தார்.

"இம்புட்டு நாள் ஏன் ஆத்தா சொல்லல? அப்பனைக் கண்டு பயமா?"

உமையாள் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீங்கதாம்ப்பா பயந்துபோய்க் கெடந்தீங்க. கொஞ்சம் தெளியட்டும்னு இருந்தேன்."