தளவாய் ஆசைப்பட்டுக் கேட்ட சட்டம்

முன்னொரு காலத்தில் மேற்கு மலைக்கு அந்தப்பக்கம் வெண்கோட்டு நாட்டை உதயகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். அங்கே வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்கள் அக்கா தங்கை வீட்டில் இருந்துகொண்டு, மனைவி வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வருவார்கள். பட்டமும் பதவியும்கூட மாமனுக்குப் பிறகு அவன் சகோதரி மகனுக்குத்தான். இதில் யாருக்கும் குறையில்லை, படைக்குத் தலைவனான தளவாய் கோமப்பனைத் தவிர.

மனைவி சிருதேவியின் மிளகுத் தோட்டத்தின்மேல் அவனுக்கு ஒரு கண். அரசனின் காதில் மெல்ல ஓதினான்.

“மகாராஜா, அருமை மகன் இருக்க, தங்கை மகன் சிம்மாசனம் ஏறுவதா? இனி எல்லாம் தந்தை வழி, வீட்டுக்கு ஆணே தலைவன் என்று ஆணை போடுங்கள்.”

தூண்டிவிட்டால் துள்ளுகிற அரசன் அவன். மறுநாளே முரசறைந்துவிட்டார்கள். கோமப்பன் முதல் வேலையாகச் சிருதேவியிடம் சாவிக்கொத்தைக் கேட்டான். அம்மா தந்த வீடு பறிபோக அவள் விடுவாளா?

“அரசர் முன்னால் தருகிறேன்” என்று சபைக்கு நடந்தாள்.

“மகாராஜா, சட்டம் அருமை. ஆனால் பெரிய இடத்தில் தொடங்குவதுதானே மரியாதை? தங்களுக்கு இந்தச் சிம்மாசனம் யார் கொடுத்தது?”

“என் தாய்மாமன்.”

“அவருக்கு மகன் உண்டே?”

அரசனுக்குப் பின்னால் சாமரம் வீசிக்கொண்டிருந்த இட்டிராமன் கையை நிறுத்தினான். அவன்தான் அந்த மகன். ராஜா பெற்ற பிள்ளைக்கு அந்த நாட்டில் அவ்வளவுதான் மதிப்பு.

“ஏனப்பா நிறுத்திவிட்டாய்?” என்றான் அரசன், வியர்வையைத் துடைத்தபடி.

“இனி நான் வீச வேண்டுமா, தாங்கள் வீச வேண்டுமா என்று யோசிக்கிறேன்.”

அரசனுக்குச் சட்டென்று புத்தி வந்தது.

“சட்டம் ரத்து. சிருதேவி, உன் வீடு உன்னுடையதே. நீ எனக்கு மந்திரியாக இரு.”

“மன்னிக்க வேண்டும். வீட்டை ஆளவே எனக்குப் பொழுது போதவில்லை. நாட்டை ஆள்வது லேசு, அதைத் தாங்களே பாருங்கள்.”

அரசன் சிரித்துவிட்டுத் தளவாயைப் பார்த்தான்.

“கோமப்பா, உனக்கு மட்டும் சட்டம் ரத்தில்லை. ஆசைப்பட்டுக் கேட்டாய், அனுபவி. மாமன் வழியில் வந்த பதவியைக் கீழே வை.”

வாளை வைத்துவிட்டு அவன் போவதற்குள், சிருதேவி வீட்டு வாசலில் அவனுடைய பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் பாய் வெளியே வந்தால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சில்லை. பாயை இடுக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனான். தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அண்ணா, இது அம்மா வீடாச்சே. உன் சட்டப்படி நீ அப்பா வீட்டுக்கில்ல போகணும்?”

அங்கேயும் போனான். வயதான தகப்பனுக்கு மகனைப் பார்த்ததில் உண்மையிலேயே சந்தோஷம்.

“வாப்பா, நல்லா இருக்கியா? உள்ளே கூப்பிட எனக்கு ஆசைதான். கொஞ்சம் இப்படி நில்லு, எங்க அக்காவைக் கேட்டுட்டு வந்துடறேன்.”