தவளை போட்ட குறி

எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், படிவங்களைச் சிலந்திகள்தான் நெய்தன. வலையில் பனித்துளிகள் தொங்கும். ஒவ்வொரு துளியும் ஒரு விடை. தொட்ட துளி மெல்ல ஒளிரும்.

ஏரி மூடுபனிக்குள் கனவு கண்டுகொண்டிருந்த ஒரு விடியலில், ஏரியின் அதிகாரியான நாரை சிலந்தியிடம் புதிய படிவம் கேட்டது. "நீ வாழ்வது எங்கே?" என்பது கேள்வி. நீர், நிலம் என்று இரண்டு விடைகள்.

"ஆளுக்கு ஒன்றுதான். ஒன்று ஒளிர்ந்தால் மற்றது அணைய வேண்டும்" என்றது நாரை.

சிலந்தி இரண்டு துளிகளையும் பின்புறம் ஒரே இழையால் பிணைத்தது. அது பிறந்தது, உண்டது, உறங்கியது எல்லாம் ஒரே வலையில். எல்லோருக்கும் இடம் ஒன்றுதான் என்று நம்பிவிட்டது. அதிகாரத்துக்கு நெய்பவர்கள் அப்படித்தான் நம்புவார்கள்.

மீன் நீர் என்ற துளியைத் தொட்டுப் போனது. முயல் நிலத்தைத் தொட்டுப் போனது. அடுத்துத் தவளை வந்ததும் சிலந்தி நடுங்கிப் பின்வாங்கியது.

"பயப்படாதே அக்கா, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."

தவளை நீரைத் தொட்டது. பிறகு நிலத்தைத் தொட்டது. நீர் அணைந்தது. மறுபடி நீரைத் தொட்டது. நிலம் அணைந்தது.

"என் முட்டைகள் நீரில். என் இரை கரையில். எதை விடுவது?"

"நிலம் என்று சொல்லிவிடு," என்றது நாரை. "நீரில் பதியாதவர்களின் முட்டை பொதுச்சொத்து. நான் பார்த்துக்கொள்வேன்."

"நீங்கள் பார்த்துக்கொள்வது எந்தத் தொண்டை வழியாக என்று தெரியும், நாரையாரே."

"அப்படியானால் நீர் என்று சொல். கரையில் கால் வைக்காமல் பட்டினி கிட."

"எனக்கு இரண்டுமே வேண்டாம்." தவளை துளியை அணைக்கப் பார்த்தது. முடியவில்லை. தொட்டபின் திரும்பிப் போக அதில் வழி நெய்யப்படவே இல்லை.

தவளை கெஞ்சவில்லை. பின்னங்கால்களை மடக்கி வலைமேல் பாய்ந்தது. பிணைத்த இழை அறுந்தது. துளிகள் சிதறிப் பனியில் கரைந்தன. அவை இருந்த இடத்தில் வலையின் இரண்டு வெற்றுக் கட்டங்கள், ஒன்றை ஒன்று அறியாமல், காற்றில் ஆடின. தவளை இரண்டிலும் தன் மடங்கிய காலைப் பதித்தது. ஈரச் சுவடுகள் இரண்டும் அணையாமல் நின்றன.

"மறுபடியும் பிணை!" என்று கத்தியது நாரை.

"இழை தீர்ந்துவிட்டது ஐயா," என்றது சிலந்தி. அதன் வயிறு நிறைய இழை இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஏரியெங்கும் தலைப்பிரட்டைகள் நீந்தின. நாரையோ தன் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் துளிகளையே வைத்துக்கொண்டது.

அந்த விடியலிலிருந்துதான், கணினித் திரையின் படிவங்களில் வட்டம் ஒன்று ஒளிர்ந்தால் மற்றது அணைகிறது. தொட்டுவிட்டால் வெறுமையாக்க வழியில்லை. சதுரக் கட்டங்களில் மட்டும் வேண்டியதையெல்லாம் தேர்ந்துகொள்ளலாம், வேண்டாததை எடுத்தும்விடலாம். அது யாரும் இரங்கித் தந்த சலுகை அல்ல. கட்டத்துக்குள் விழும் சரிக்குறியை உற்றுப் பாருங்கள்: பாயப்போகும் தவளையின் மடங்கிய கால்.