மைனி குத்திய பந்து

டெல்ஃபினா கல்யாணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அதனால் அவள் என்ன சொன்னாலும் சாட்சிக்கு ஆள் கிடையாது. அது அவளுக்கு ரொம்ப வசதி.

ஞாயிற்றுக்கிழமை மகளிர் கால்பந்துக் கோப்பையின் முதல் ஆட்டம். ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான், மறுபடி அடுத்த வருஷம். இந்த நேரம் பார்த்து ஊர் டீமின் கோல்கீப்பர் கையை முறித்துக்கொண்டாள். மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவே கேப்டன் விர்ஜின், டெல்ஃபினாவின் நாத்தனார். அண்ணன் மனைவியை அவள் மைனி என்று கூப்பிட, டீமே அப்படிக் கூப்பிட்டது. மடியில் கீப்பர் கிளவுஸ், கையில் பேர் எழுதும் தாள். ஒரு பேர்தான் பாக்கி. அந்தக் கிளவுஸைப் பார்க்கப் பார்க்க டெல்ஃபினாவுக்கு உள்ளங்கை அரித்தது. பந்தைத் தொட்டு நாலு மாசமாயிற்றே!

"போன வருஷம் எங்க ஊர் டீமுக்கு யாரு கீப்பர்னு நினைச்சிய? நான்தான். முதல் ரவுண்டுல ஒரு பந்துகூட என் பக்கம் வரல. சும்மா நிக்க முடியுமா? கோல் போஸ்ட்டுல கட்டியிருந்தது எங்க அப்பா மீன்வலை. அதுல உள்ள கிழிசலை எல்லாம் தச்சு முடிச்சேன்."

யாரும் மறுக்கவில்லை. அவளுக்குத் தெம்பு வந்தது.

"காலிறுதியில பேய் மழை. கிரவுண்டுல முட்டளவு தண்ணி. எதிர் டீம்காரி அடிச்ச பந்துகூட ஒரு நெய்மீனும் சேர்ந்து வருது. ஒரு கையில பந்து, மறு கையில மீன்!"

"மீன் எத்தனை கிலோ மைனி?" என்றாள் பெர்பெச்சுவா. டிஃபென்ஸ் ஆடுகிறவள், எதையும் சும்மா விடமாட்டாள்.

"பன்னிரண்டு. ரெஃபரிக்கும் குழம்பு குடுத்தோம். அதனால ஜெயிச்சோம்னு நினைச்சிராத, குழம்பு ஆட்டம் முடிஞ்ச பிறகுதான்."

"சரி, செமிஃபைனல்?"

"அதை ஏன் கேக்க! சூறைக்காத்து கோல் போஸ்ட்டையே பிடுங்கிட்டுப் போகுது. நான் கம்பத்தை விடல. தென்னந்தோப்புக்கு மேல போஸ்ட்டோட பறக்கேன். கீழ எதிர் டீம் பதினோரு பேரும் பந்தைத் தட்டிக்கிட்டே ஓடி வாராளுவ. அந்தரத்துல தொங்கிக்கிட்டே ரெண்டு ஷாட்டைக் காலால தடுத்தேன்."

"அப்போ ரெஃபரி?"

"பாவம், பஸ் பிடிச்சு வந்து சேரதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிட்டு."

பெண்கள் மணலில் உருண்டார்கள். விர்ஜின் மட்டும் சிரிக்காமல் பேனாவைக் காதில் சொருகினாள். "ஃபைனலையும் சொல்லிருங்க மைனி."

"கடைசி நிமிஷம், பெனால்டி. அவ அடிச்சா, நான் குத்தினேன் பாரு ஒரு குத்து! பந்து மேல போச்சு, போச்சு... இன்னும் இறங்கல. ரெஃபரி விசிலை வாயில வச்சு அண்ணாந்தபடியே நிக்காரு. சோறுகூட அங்கதான் கொண்டு போறாவ."

"அப்போ அந்த ஆட்டம் முடியல?" என்றாள் விர்ஜின்.

"பந்து இறங்காம எப்படி முடியும்?"

"முடியலன்னா நீங்க இன்னும் அந்த டீம் ஆளு. ஒருத்தி ரெண்டு டீமுக்கு ஆடக்கூடாது. உங்க பேரை எழுத முடியாது மைனி."

பெர்பெச்சுவா கைதட்டினாள். சொந்தப் புளுகு இப்படிக் காலை வாருமென்று யார் கண்டது? கிளவுஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சட்டென்று அவள் வானத்தைப் பார்த்தாள். "ஐயோ, வருது!" விர்ஜின் மடியிலிருந்த கிளவுஸைப் பறித்து மாட்டிக்கொண்டு பத்தடி பின்னால் ஓடினாள். முழங்கால் வளைந்தது, இரண்டு கட்டைவிரலும் ஒட்டி நிற்க உள்ளங்கை விரிந்தது. எம்பினாள், பிடித்தாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டே மணலில் விழுந்து உருண்டாள்.

"பிடிச்சாச்சு! ஃபைனல் முடிஞ்சுது. பேரை எழுது!"

"பந்து எங்க மைனி?" என்றாள் பெர்பெச்சுவா.

"கையிலதான் இருக்கு. ஒரு வருஷமா காத்துல உரசி உரசித் தேஞ்சு போச்சு, உனக்குத் தெரியாது."

விர்ஜின் அந்தக் கட்டைவிரல்களைக் கவனித்திருந்தாள். கீப்பராக நின்று பழகாத கை அப்படி விரியாது. காதிலிருந்த பேனாவை எடுத்துப் பேரை எழுதினாள்.

"ஞாயித்துக்கிழமை தேயாத பந்து வரும் மைனி. அதையும் பிடிங்க."